வலது பக்கத்து சீட்

காலை ஆறு மணிக்கு, சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் ஓடுபாதை ஓரம் நின்றால் கிழக்கே சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். வெளிச்சம் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் மலை கருநீலமாக நிற்கும். ஓமலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இன்னும் இருட்டு விலகியிருக்காது. காற்றுத் திசை காட்டும் துணிப் பை அசையாமல் தொங்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கையில் விமானத்தைக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் சேலத்தில் கிடையாது. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாலரைக்கே எழுந்துகொள்கிறேன்.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இடது பக்கத்து சீட்டில் மாணவர், வலது பக்கத்தில் நான். பிறந்து வளர்ந்தது சேலம். அப்பாவுக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான் படித்த காலத்தில் விமானம் ஓட்டக் கற்க வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும், போனேன். 2022இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று என்று தெரிந்தபோதே, என்றைக்காவது இங்கே வந்துதான் சொல்லிக்கொடுப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கல்யாண வீட்டிலும் ரேஷன் கடையிலும் என்னிடம் கேட்கிறார்கள்: "எங்க பாப்பா பைலட் ஆகணும்ங்கிறா, என்ன பண்ணலாம் கண்ணு?" அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதையும், எனக்குள் ரொம்ப நாளாக இருக்கும் ஓர் அம்மாவைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஈவ்லின் ஜான்சன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1909இல் பிறந்தவர். டென்னசி மாநிலத்தில் கணவரோடு சேர்ந்து சலவைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். 1944இல், முப்பத்தைந்து வயதாகப்போகும் நேரத்தில், செய்தித்தாளில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நாக்ஸ்வில் நகரில் அந்த விமானத்தளம் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில் இருந்தது. முதல் பாடத்துக்கு அவர் ரயில் ஏறி, பஸ் மாறி, கொஞ்ச தூரம் நடந்து, கடைசியில் படகில் அக்கரை போய்ச் சேர்ந்தார். இதைப் படித்ததும் எனக்கு மேட்டூர்ப் பக்கம் பரிசலில் காவிரியைக் கடந்து வேலைக்குப் போகும் பெண்கள்தான் ஞாபகம் வந்தார்கள். அக்டோபர் முதல் தேதி தொடங்கியவர், நவம்பர் எட்டாம் தேதி தனியாகவே பறந்துவிட்டார். 1947இல் பயிற்றுநர் உரிமம் வாங்கினார்.

அதற்கப்புறம் அவர் பேர் வாங்கியது கடலைத் தாண்டிய சாதனையால் இல்லை. மோரிஸ்டவுன் என்ற சின்ன ஊரின் விமானத்தளத்தில், அதே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். ஏறத்தாழ 5,000 பேர் அவரிடம் கற்றார்கள். 9,000க்கும் மேற்பட்ட உரிமத் தேர்வுகளை நடத்தினார். அவர் வானத்தில் இருந்த நேரம் 57,635 மணி. இரவு பகல் நிற்காமல் கணக்குப் போட்டால் ஆறரை வருஷம். தாய்ப்பறவை என்று பொருள்படும் செல்லப் பெயரால் மாணவர்கள் கூப்பிட்டார்கள். 2012இல், 102ஆம் வயதில் காலமானார்.

நம் ஊரிலும் முன்னோடிகள் உண்டு. லாகூரில் 1936இல் சேலை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டிய சர்ளா தக்ரால். பெங்களூரு ஜக்கூரில் 1949இல் பயிற்சி முடித்து, 1951இல் கணவர் சுந்தரத்தோடு இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் டவ் விமானத்தைக் கொண்டுவந்த உஷா சுந்தரம். இவர்கள் படத்தை எங்கள் வகுப்பறையில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் என் வேலையை எனக்குப் புரியவைத்தவர் ஈவ்லின் அம்மாதான். அதற்குக் காரணம் என்னுடைய பயிற்சிக் காலம்.

நான் கற்றுக்கொண்டது வேறொரு மாநிலத்தில், ஒரு பள்ளியில். அங்கே எனக்கு அமைந்த பயிற்றுநர் திறமைசாலி. ஆனால் பொறுமை கிடையாது. தரை நெருங்கும்போது விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்து, சக்கரம் தொடும்வரை அப்படியே காத்திருக்க வேண்டும். கற்றலிலேயே கடினமான இடம் அதுதான். சரியாக அந்த இடத்தில் அவர் கை வந்துவிடும். ஸ்டியரிங் என் விரலுக்குள்ளேயே இருக்கும், ஆனால் அது அசைவது என்னால் இல்லை. முப்பது மணி நேரம் பறந்த பிறகும், விமானத்தை இறக்கியது நானா அவரா என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் தனியாகப் பறந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடி முடித்துவிட்டார்கள். நான் விடுதிக்குப் போய் அழுதேன்.

போனில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாது. "பட்டறையில புதுப் பையனுக்கு எப்படிப் பத்தவைக்கச் சொல்லித் தர்றேன்னு பார்த்திருக்கியே கண்ணு" என்றார்.

பார்த்திருக்கிறேன். கொலுசுக் கண்ணியில் பத்தவைக்கும் பொடியை வைத்துத் தீயை ஊதும்போது, பொடி உருகி ஓடும் ஒரு நொடி பளிச்சென்று மின்னும். அப்போதே தீயை விலக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் கண்ணியே உருகிச் சுருண்டு உருண்டையாகிவிடும். அந்த மின்னலை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்பா பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். பையன் நாலு கண்ணியைக் கெடுப்பான், வெள்ளி உருக்கிக்கொள்ளலாம். ஐந்தாவதில் அவனுக்கே கண் பிடிபடும். ஆனால் அதே பையன் கேஸ் குழாய்க்குப் பக்கம் தீயைத் திருப்பினால், அப்பாவின் கை எப்போது போனது என்றே தெரியாது, குழாய் மூடியிருக்கும்.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சார், இன்னைக்கு வாயால மட்டும் சொல்லுங்க. தொட வேண்டியது வந்தா, தொடுறேன்னு சொல்லிட்டுத் தொடுங்க." அவர் முறைத்தார். அப்புறம் சரி என்றார். அன்று மூன்று முறை தூக்கிப் போட்ட மாதிரி இறங்கினேன். நாலாவதில் சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே காதில்தான் தெரிந்தது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: ஒவ்வொரு முறை இறங்கியதும், "இதில் உங்கள் கை எவ்வளவு இருந்தது?" என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் தெரியாவிட்டால் உங்கள் பணம்தான் வீண்.

ஈவ்லின் ஜான்சனைப் பற்றிப் படித்தது அந்த வாரங்களில்தான். ஓடுபாதை பெஞ்சில் முறைக்காகக் காத்திருக்கும்போது போனில் படித்தேன். ஐயாயிரம் பேரின் நடுங்கும் கைக்குப் பக்கத்தில் தன் கையை அடக்கி உட்கார்ந்திருந்த ஒருவர். இதுவும் ஒரு வாழ்க்கை, இதுவும் சாதனைதான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஏர்லைன் வேலைக்குப் போகாமல் நான் பயிற்றுநர் உரிமத்துக்குப் படித்ததற்கு அந்த பெஞ்ச்தான் தொடக்கம்.

அவர் கை எப்போதும் சும்மா இருந்த கையும் இல்லை. 1958இல் அவருடைய விமானத்தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. ஓடிப்போய், சிதைந்து கிடந்த ஹெலிகாப்டருக்குள் நுழைந்து எஞ்சினை நிறுத்தி, தீயணைப்பானால் தீ பரவாமல் தடுத்தார். விமானியைக் காப்பாற்றியதற்காக வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

கொர்னீலியா ஃபோர்ட் என்று இன்னொரு பயிற்றுநர். 1941 டிசம்பர் 7ஆம் தேதி காலை, ஹவாயில் ஹோனலூலுவுக்கு மேலே மாணவருக்கு இறங்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நேர் எதிரே ஒரு விமானம் வந்தது. மாணவர் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி, எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி மேலே ஏற்றினார். கீழே கடந்து போன விமானத்தின் இறக்கையில் சிவப்பு வட்டங்கள். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட வந்த விமானங்களில் அது ஒன்று. சொல்லிவிட்டுப் பிடுங்க அங்கே நேரமில்லை. 1943 மார்ச்சில், 24 வயதில், டெக்சாஸில் ராணுவத்துக்காக விமானம் ஓட்டிப் போகும்போது வானத்தில் நடந்த மோதலில் ஃபோர்ட் இறந்துபோனார். மாணவர்களுக்கு இவரைப் பற்றியும் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, என் கைக்கு வருகிறேன். பயிற்றுநரான முதல் வருஷம், வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். தரைக்கு மேல் இருபதடி இருக்கும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. என் கை தானாக ஸ்டியரிங் பக்கம் போனது, தொடவில்லை. அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்து, நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்துத் தன் கையை விட்டுவிட்டாள். அவள் ஓட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். ஒரு நொடியா இரண்டு நொடியா, அந்த விமானத்தை யாருமே ஓட்டவில்லை. எஞ்சினை முழுசாகத் தள்ளி மேலே தூக்கினேன். வானத்தில் இன்னொரு சுற்றுப் போகும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. "உங்க கை வந்ததும் விட்டுட்டேன் மேடம்" என்று இறங்கிய பிறகுதான் சொன்னாள். அவள் மேல் தப்பே இல்லை. நான் செய்தது, என் பழைய பயிற்றுநர் எனக்குச் செய்ததன் தம்பி.

அன்றிலிருந்து, கட்டுப்பாட்டை மாற்றுவதை மூன்று பேச்சாகச் சொல்லாமல் நான் மாற்றுவதில்லை. "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று எடுப்பவர் சொல்ல வேண்டும், "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று விடுபவர் சொல்ல வேண்டும், எடுத்தவர் மறுபடி ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். எல்லாப் பாடத்திலும் உள்ள விதிதான். ஆனால் பழகப் பழக ஒரு தலையசைப்போடு நின்றுவிடுகிறது. இன்னொன்றும் செய்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே என் எல்லையை மாணவரிடம் சொல்லிவிடுவேன். எங்கள் செஸ்னா 172 இறங்க வரும்போது வேகம் 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் இருக்க வேண்டும். 60க்குக் கீழே போனால் பேசுவேன், 55க்கு வந்தால் எடுப்பேன். எல்லை தெரிந்த பிள்ளை என் கையைப் பார்ப்பதில்லை, ஓடுபாதையைப் பார்க்கிறது. கார் ஓட்டச் சொல்லித் தருபவர்கள், பிள்ளைக்கு அடுப்பில் தோசை ஊற்றச் சொல்லித் தருபவர்கள்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

சேலத்தில் பறப்பதற்கென்று தனியாகச் சில பாடங்கள் இருக்கின்றன. முதலாவது வெயில். கமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரம். சித்திரை மதியம் 38 டிகிரி அடிக்கும்போது காற்று விரிந்து மெலிந்துவிடும். கணக்குப் போட்டால், ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ள காற்று போல அது ஆகிவிடுகிறது. கமலாபுரத்தில் நிற்கிற விமானம், ஏற்காட்டு மலைச்சரிவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும், தரையில் கூடுதலாக ஓடித்தான் எழும்பும், எழும்பினாலும் மெல்லத்தான் ஏறும். 1,806 மீட்டர் ஓடுபாதை இருக்கிறதே என்ற தைரியத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் விடும் பழக்கம் வந்துவிட்டால், வேறு ஊரில் சின்ன ஓடுபாதையில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மதியம் பறக்காத நாளிலும் கணக்குப் போட வைக்கிறேன்.

இரண்டாவது மலை. சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர், அடிக்கணக்கில் 5,300க்கு மேல். கிழக்கிலிருந்து காற்றடிக்கும் நாளில், அது மலையைத் தாண்டி நம் பக்கம் கீழே சரிந்து இறங்கும். அந்தக் காற்றில் மாட்டினால் எஞ்சின் முழு வேகத்தில் இருந்தும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். மலையை நேராக நெருங்கக் கூடாது, சாய்வாகத்தான் நெருங்க வேண்டும். அப்போதுதான் கொஞ்சம் திரும்பினாலே வெளியே வந்துவிடலாம். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார், உள்ளே போய்க் குறைக்க மாட்டார். எங்கள் பிள்ளைகளை ஒருமுறை அந்த பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து மேலே போய் வரச் சொல்வேன். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மலை உச்சியில் காலிஃப்ளவர் மாதிரி மேகம் கட்டத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைய பறப்பு முடிந்தது. ஊருக்குக் கோடை மழை வரும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே விமானத்தைக் கட்டிப் போடுவோம்.

பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் அப்பா அம்மாவுக்கு: பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். முதலில் க்ளாஸ் 2 என்ற தொடக்கப் பரிசோதனை, அப்புறம் க்ளாஸ் 1 என்ற முழுப் பரிசோதனை. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். நிலத்தை அடமானம் வைத்த பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். பதினாறு வயதில் மாணவர் உரிமம் எடுக்கலாம், தொழில்முறை உரிமத்துக்குப் பதினெட்டு ஆக வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விதிமுறை, வழிகாணல், வானிலை, தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகளில் 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். முடிந்தவரை தேர்வுகளைப் பறக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். படிப்பு பாக்கி இருக்கும் பிள்ளை விமானத்தில் ஏறினாலும் மனசு புத்தகத்தில்தான் இருக்கும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை விமானம் இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை மாணவருக்கு எத்தனை பயிற்றுநர், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எவ்வளவு பறந்தார் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளை வெளியே டீக்கடையில் உட்கார வைத்துத் தனியாகப் பேசுங்கள். மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிவிட்டு, விமானம் ரிப்பேர் என்று நான் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா நகை வங்கியில், நான் பெஞ்சில்.

பணம் செலவில்லாத பயிற்சியும் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, எழும்பிச் சுற்றி வந்து இறங்கும் முழுச் சுற்றையும் வாயால் சொல்லிக் கையால் செய்து பார்ப்பது. நான் அம்மாவின் குழம்புத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துச் செய்தேன். பதினைந்து நாள் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் வலது சீட்டில் உட்காரும் எனக்கு முதல் சுற்றிலேயே தெரியும்.

போன மாதம் அந்த வாழப்பாடிப் பெண்ணின் தங்கை தனியாகப் பறந்தாள். அக்காவிடம் கேட்டு, என்னிடமே வந்து சேர்ந்தவள். காலை ஆறரை. எரிபொருளை அவளே சின்னக் குப்பியில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமான விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும்; தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். வானத்தை வைத்துப் பார்த்தால் நீலம் ஏமாற்றும் என்று, வெள்ளை இறக்கையோடு சேர்த்துப் பிடித்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். என்னோடு மூன்று சுற்று போனாள். மூன்றிலும் என் கை மடியில் இருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வலது சீட்டின் பெல்ட்டை, ஆள் இல்லாத சீட்டுக்கு மேலேயே இழுத்துப் பூட்டினேன். தளர்ந்து கிடந்தால் ஸ்டியரிங்கில் மாட்டும். கதவைச் சாத்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். "போயிட்டு வா கண்ணு" என்றேன். அப்பா சொல்லும் அதே வார்த்தை வந்துவிட்டது.

கையில் ரேடியோவோடு ஓரமாக நின்றேன். நான் இல்லாத எடையில் விமானம் சட்டென்று எழும்பியது. மலைக்கு எதிரே சின்னதாகி, திரும்பி, நாகரமலைப் பக்கம் வெயிலில் ஒருமுறை மின்னி, ஏழெட்டு நிமிஷத்தில் திரும்ப வந்தது. சக்கரம் தொட்டது, சின்னதாக ஒரு துள்ளல், அப்புறம் அமர்ந்தது.

இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "மேடம், சீக்கிரமே எழும்பிடுச்சு! பயந்தே போயிட்டேன்." பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் அவள் லாக்புக்கில் அந்தப் பறப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாணவர் தனியாகப் பறக்கும் நேரம் பயிற்றுநரின் கணக்கில் ஏறாது. ஈவ்லின் அம்மாவின் 57,635 மணி நேரத்திலும் அவர் தரையில் நின்று அண்ணாந்து பார்த்த சுற்றுகள் சேரவில்லை. அடுத்த பையன் குப்பியோடு இறக்கைக்கு அடியில் காத்திருந்தான். இன்னும் காற்று கிளம்பவில்லை. தலையை ஈரமாக்கிக்கொண்டு நின்ற அவளைத் தாண்டி விமானத்துக்குப் போனேன்.